கடலுக்குப் போன மாத்திரைப் பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம் நடந்தது இது. அப்போது நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், அரசு சுகாதார நிலையத்தில் காசநோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் பூதப்பாண்டி. வயலைப் பார்த்து வளர்ந்தவள்; கடல் விஷயம் ஒன்றும் தெரியாது.

சில நோயாளிகளுக்கு ஒரு மாத்திரைப் பெட்டி கொடுத்திருந்தோம். பார்த்தால் சாப்பாட்டு டப்பா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு சிம்மும் மாதக்கணக்கில் தாங்கும் பேட்டரியும் உண்டு. மூடியைத் திறந்தால் அந்த நேரம் பதிவாகும். டவர் கிடைக்கும்போது எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். திறந்த நாள் பச்சை, திறக்காத நாள் சிவப்பு.

அப்படிப் பெட்டி வாங்கியவர்களில் ஒருவர் ஆழ்கடல் விசைப்படகில் வேலை செய்பவர். முப்பது வயதிருக்கும். வாங்கும்போதே சொன்னார்: "எனக்க பெஞ்சாதிக்கு மட்டுந்தான் தெரியும் மேடம். போட்டுல தெரிஞ்சா பொறவு ஒருத்தனும் பக்கத்துல இருந்து சோறு தின்ன மாட்டான்."

"எங்க வாயில இருந்து வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

மருந்து தொடங்கிய நான்காம் மாதம் சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் மறுபடி கடலுக்குப் போனார். பெட்டியை லுங்கியில் சுற்றிக் கொண்டுபோவார். கேட்டவர்களிடம் அல்சர் மாத்திரை என்று சொல்லியிருந்தார். நடுக்கடலில் டவர் இல்லாததால் போன நாளிலிருந்து சிவப்பாகவே காட்டும். கரைக்கு வந்ததும் மொத்தமாகப் பச்சையாகும். இரண்டு தடவை அப்படிப் பார்த்துவிட்டதால் நான் பதறுவதில்லை.

அந்த ஐப்பசியில் திடீரென்று காற்று மாறிக் கடல் கொந்தளித்தது. கூடப் போன படகுகள் எல்லாம் திரும்பின. அவருடைய படகு மட்டும் வரவில்லை. பதினோரு பேர். வயர்லெஸ்ஸில் பதிலில்லை. தேடப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். அந்தப் பதினோரு குடும்பங்களும் மாதா கோயில் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டன. ஆறு நாள் ஆனதும் சிலர், 'நல்ல மனுசனா இருந்தான்' என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே எல்லாம் பச்சை.

கணக்கில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். மூடித் திறந்து பார்த்தேன். காற்று மாறிய நாளும் பச்சை, அதற்கடுத்த நாள்களும் பச்சை. கடைசியாகத் திறந்தது அன்று காலை எட்டேகாலுக்கு. ஓடிப்போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் உடனே போலீசுக்குப் போன் போட்டுப் பெட்டியின் சிம் நம்பரைக் கொடுத்தார். அது எந்த டவரைத் தொட்டது என்று அவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆனால் கோயில் முற்றத்தில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது? உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. சொன்னால் நோயாளிக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். நோயாளியின் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, போனில் எடுத்திருந்த கம்ப்யூட்டர் திரையின் படத்தைக் காட்டினேன்.

"வேற யாராவது பெட்டியத் திறந்திருக்கலாம் மக்களே. முழுசா நம்பிராத" என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒவ்வொரு நாளாக விரல் வைத்து நேரத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் எட்டுக்கும் எட்டரைக்கும் எடையில இருக்குல்லா. கஞ்சி குடிச்ச பொறவுதான் போடுவாவ. இது அவியதான் எக்கா."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். மத்தவங்களுக்குச் சொல்லணுமா வேண்டாமாங்கது உன் இஷ்டம்."

அவள் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பத்து வீட்டுக்காரங்க செத்த வீடு மாதிரி கெடக்காவ. நான் மட்டும் இத எப்பிடி மனசுக்குள்ள வச்சிட்டு இருப்பேன்?" எழுந்து போய், நடுவில் நின்று சொன்னாள்: "எனக்க மாப்பிளைக்கு டிபி. அவிய மாத்திரைப் பெட்டிய இன்னைக்குக் காலைல திறந்திருக்காவ. அவிய இருந்தா எல்லாரும் இருப்பாவ."

பெட்டியைத் திறந்தால் எப்படித் தெரியவரும் என்று நான் பின்னாலேயே போய் விளக்கினேன். பிறகு படகு ஓட்டியவரின் அம்மா வந்து போனை வாங்கி, "இன்னைக்குக் காலைலயா? நிச்சயமா?" என்று கேட்டார். நோயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மதியத்துக்குள் டவர் தெரிந்துவிட்டது. வடக்கே, கேரளக் கரையோரம். படகுகள் அந்தப் பக்கம் போய், மறுநாள் மத்தியானம் காணாமல் போன படகைக் கட்டி இழுத்து வந்தன. இன்ஜின் போய், பேட்டரி போய், எல்லாருடைய போனும் செத்து, மழைத் தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறார்கள். பதினோரு பேரும் உயிரோடு இருந்தார்கள். செய்தி வந்தபோது முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் வாய்விட்டு அழுதேன்.

ஒரு வாரம் கழித்து அவர் சுகாதார நிலையத்துக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன், எதிர்பார்க்கவும் செய்தேன். அவர் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"திறக்கதும் மூடுததும் மட்டுந்தான் தெரியும்னு சொன்னிய மேடம். நான் எங்க நிக்கேன்னும் இதுல தெரியும் போல?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. பயிற்சியில் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்திருந்தேன். சிம்மை வைத்து வேறு என்னவெல்லாம் பார்க்கலாம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"எனக்கே தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்."

"பொழச்சது இதாலதான். இல்லன்னு சொல்லல" என்றார். "போட்டுல ரெண்டு பேரு இப்பமே எங்கிட்ட இருந்து தள்ளித்தான் இருக்கானுவ. மத்தவனுவ எல்லாம் நாளைக்குச் சளி டெஸ்டுக்கு வாறானுவ, எழுதிக்கிடுங்க. எனக்கு மாத்திரைய மட்டும் தாருங்க, பெட்டி வேண்டாம். பெஞ்சாதி பாத்துக்கிடுவா."

கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டு, இரண்டு மாதத்தில் சுகமாகிவிட்டார்.

அந்தப் பதினோரு பேரும் இன்று அவரவர் வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்தாலே மனசு லேசாகிறது. ஆனாலும் இப்போதெல்லாம் ஒருவருக்குப் பெட்டி கொடுக்கும்போது, அதனால் என்னென்ன தெரியவரும் என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அவராகச் சரி என்று சொல்லும்வரை பேசாமல் காத்திருக்கிறேன்.