நஞ்சுண்டன் சாரின் பழைய போட்டோ

அமெரிக்காவில், டெக்சஸில் இருக்கும் எங்கள் ஃபிரிஸ்கோ தமிழ்ப் பள்ளியின் முதல் நிலைக் குழந்தைகள், நஞ்சுண்டன் சாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுக்க ஆபீஸில் இங்கிலீஷோடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குள் வந்துவிட்டால் "வாட்டர்னா என்னன்னு தெரியலியே கண்ணு" என்று கையை விரித்துவிடுவார். ஒரு குட்டிப் பெண் தனக்கு பாத்ரூம் போக வேண்டும் என்பதை ஆடியே காட்டினாள். அவரும் சளைக்காமல், "டான்ஸ் கிளாஸ் பக்கத்து ரூமுங்க" என்றாராம்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஐந்து வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவர். அவருக்கும் மனைவி வான்மதிக்கும் குழந்தை இல்லை. வகுப்பிலிருந்த பதினாலு குழந்தைகள்தான் அவருக்கு எல்லாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் ருக்மிணி. பள்ளியின் வாலண்டியர் பட்டியல், படிவம், லாகின் எல்லாம் என் கையில். "ஸ்ட்ரிக்ட் ஆபீசர்" என்று என் கணவர் கிண்டல் செய்வார், எனக்கு அது பெருமையாகவே இருந்தது. போன ஆகஸ்டில், ஆசிரியர்கள் எல்லோருக்கும், பழைய போலீஸ் கேஸ் ஏதும் உண்டா என்று பார்க்கும் பேக்ரவுண்ட் செக் செய்தே ஆக வேண்டும் என்று கமிட்டியில் பிடிவாதம் பிடித்தவளும் நான்தான். அன்று முதலில் கை தூக்கியவர் நஞ்சுண்டன். "புள்ளைங்க விஷயமுங்க, கண்டிப்பா செய்யோணும்" என்றார்.

ரிப்போர்ட் வந்தது. அவர் பெயருக்கு நேரே மட்டும் மஞ்சள் குறி. ஆறு வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரான காப்பெலில் கைது, மனைவியைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு. அடுத்த வரியிலேயே கேஸ் தள்ளுபடி என்றும் இருந்தது. அந்த வரியை நான் படிக்கவில்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத்தான் கூகுளில் தேடினேன். கைதானவர்களின் படங்களைப் போட்டு வைத்திருக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் அவர் போட்டோ கிடைத்தது. தலை கலைந்து, கண் சிவந்து, வேறு யாரோ மாதிரி இருந்தார்.

அவர் வீடு காரில் எட்டு நிமிஷம். போய்க் கேட்டிருக்கலாம். நான் கமிட்டியில் இருக்கும் சாரதாவுக்கு அந்தப் போட்டோவை அனுப்பினேன். "கான்ஃபிடென்ஷியல், யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க" என்று கீழே எழுதினேன். நான் அனுப்பிவிட்டு அவளை அனுப்பாதே என்கிறேன், என் அழகைப் பாருங்கள்.

சாயங்காலத்துக்குள் அது அம்மாக்களின் வாட்ஸ்அப் க்ரூப்புக்கு வந்துவிட்டது. 'பாவம் வான்மதி' என்றாள் ஒருத்தி. 'ரொம்ப அமைதியா இருக்கும்போதே நினைச்சேன்' என்றாள் இன்னொருத்தி. அந்த க்ரூப்புக்கு அட்மின் நான். ஒரு வார்த்தை எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று குழந்தைகள்தான் வந்தார்கள். காரணம் தெரியாமலேயே அவர் மூன்று பேருக்கும் பாட்டோடு பாடம் நடத்தி முடித்தார். அப்புறம் நான் போய், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க சார்" என்று இழுத்து, காரணத்துக்கு ரிப்போர்ட்டை நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். "கேஸ் இல்லைன்னு அன்னைக்கே முடிஞ்சு போச்சுங்களே மேடம். இது இன்னுமா இருக்குது?" என்றார்.

தள்ளுபடி ஆனால் எல்லாம் தானாகவே அழிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அழிக்கச் சொல்லிக் கோர்ட்டில் தனியாக மனு போட வேண்டும். நம்மில் யாருக்குத்தான் அது தெரியும்? வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வான்மதி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அடிபட்டவள்னு நான்தானே அக்கா அதுல இருக்கறேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அன்றைக்கு நடந்ததை அவளே சொன்னாள். ஊருக்குப் போவது பற்றி இருவருக்கும் பெரிய சண்டை. கத்திக்கொண்டே திரும்பியவள் கிச்சனில் எண்ணெய் வழுக்கி விழுந்தாள், மேடை முனை பட்டுப் புருவம் கிழிந்தது. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ரத்தத்தைப் பாத்துட்டு அவர் அடிச்சாரான்னு கேட்டாங்க. எனக்கு அவர் மேல அவ்ளோ கோவம். பத்து நிமிஷம் வாயத் தொறக்கல அக்கா. நான் பேசறதுக்குள்ள அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் இன்னும் அழுவறேன். நீங்க எல்லாரும் எனக்காகப் பாவப்படறீங்களாம்."

அவள் போன பிறகு க்ரூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நாலைந்து பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். போட்டோவை அழித்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

நஞ்சுண்டன் சார் வக்கீல் வைத்து, பதிவை அழிக்கச் சொல்லி மனு போட்டார். இந்த மே மாதம் கோர்ட் ஆர்டர் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, சில வாரம் கழித்து அவர் சம்மதத்தோடு மறுபடியும் செக் செய்தேன். ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்டாற்போல் சுத்தம். அசடு மாதிரி அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஆகஸ்ட்ல உங்க கிளாஸ் உங்களுக்கேதான் சார். வந்துடுங்க."

அவர் உள்ளே போய் கோர்ட் ஆர்டரை எடுத்து வந்தார். யார் யாரெல்லாம் பதிவை அழிக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. போலீஸ், ஷெரிஃப், கவுண்டி, ஸ்டேட் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"இவங்க எல்லாரும் அழிச்சே ஆகோணும்னு ஜட்ஜ் போட்டிருக்காருங்க. உங்க வாட்ஸ்அப் க்ரூப்பையும் இதுல சேக்க முடியுமான்னு வக்கீலைக் கேட்டனுங்க மேடம். அதுக்கு மட்டும் வழியில்லீன்னுட்டாரு."

குத்திக்காட்டுவதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார்.