அசையாத நானூறு அடி

அரிமளம் நாகராசு டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிறவர். பத்து வருஷம் அடுத்தவர் எடுத்த படத்தையே ஓட்டியதில் அவருக்குக் கை தினவெடுத்தது. சென்னையில் ஒரு ஸ்டூடியோ முதலாளி, "உயிருள்ள படமா ஒண்ணு எடுத்துக்கிட்டு வா, கேமரா வேலை தாரேன்" என்று சொல்லி, கைப்பிடி சுற்றும் பழைய கேமராவையும் நானூறு அடி பிலிம் சுருளையும் கொடுத்தார். அது 1943, சண்டைக் காலம். இன்னொரு சுருளுக்கு வழியில்லை. நானூறு அடி என்றால் ஆறே நிமிஷம்.

வெள்ளாற்றங்கரையில், வண்டித்தடம் எட்டாத மடுவோரம் குருவிக்காரர் கூட்டம் ஒன்று கூடாரம் போட்டிருந்தது. உயிருள்ள படம் அங்கேதான் கிடைக்கும் என்று நாகராசு நடந்தே போனார்.

போனபோது அவர்கள் பாசி கோத்துக்கொண்டும் காடை சுட்டுக்கொண்டும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டும் அமர்க்களமாக இருந்தார்கள். அவர் கைப்பிடியைச் சுற்றினார். கிர்ரென்ற சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் வரிசையாக நின்று கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார்கள். கட்டியிருந்த கீரிகூட வாலை நேராக வைத்துக்கொண்டது. ஆறும் ஓடாமல் நின்றது என்றால் நம்ப மாட்டீர்கள். அதனால் அதைச் சொல்லவில்லை.

"ஏன் நின்னுட்டீங்க? வேலையப் பாருங்க."

கூட்டத்துக்கு மூத்தவள் மருதாயி உதடு அசையாமல் பேசினாள். "முன்னே ஒரு தொரை வந்து போட்டோ புடிச்சாரு, சாமி. அசைஞ்சவங்களப் பிரம்பால போட்டாரு."

"அது வேற பொட்டி. இது அசையுறதைப் புடிக்கிற பொட்டி, ஆத்தா."

"பொட்டிக்காரங்க எல்லாம் மொதல்ல இப்படித்தான் நல்லாப் பேசுறீங்க."

கேமராவைப் போர்வையில் சுற்றினார். புதருக்குள் ஒளிந்து சுற்றினார். காடை புல்லில் கால் வைப்பதையே கேட்கிற காதுகள் அவை. கைப்பிடி திரும்பும் முன்பே நின்றுவிட்டார்கள். கெஞ்சினார், வைதார். கடைசியில் ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறுகையை வீசி, "இப்படி, இப்படி" என்று மணலில் குதித்துக் காட்டினார். கூட்டம் பரிதாபமாகப் பார்த்தது, அசையாமல்.

சுருள் தீர்ந்து சத்தம் அடங்கியது. உடனே மருதாயி மருமகனை விறகுக்கட்டையோடு துரத்தினாள். இரண்டு பேர் கட்டிப் புரண்டு ஆற்றில் விழுந்தார்கள். நாகராசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"படம் கேட்டா போட்டோ கொண்டாந்திருக்கே" என்று முதலாளி, கழுவிப் பிரிண்ட் போட்டு ஓட்டிப் பார்த்த சுருளை அவர் கையிலேயே திருப்பித் தந்தார். கேமரா வேலை போயிற்று.

ஒரு சாயங்காலம், டாக்கீஸில் ஆட்டம் தொடங்கும் முன் நாகராசு அந்தச் சுருளைக் குருவிக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டினார். ஆறு நிமிஷமும் மருதாயி கண் கொட்டாமல் பார்த்தாள்.

"நம்ம சனம் ஒண்ணும் அசையலே. கீரியப் பாருங்க, எம்புட்டு அடக்கம்" என்றவள், திரையின் ஓரத்தைக் காட்டினாள். "அந்தா மணல்ல குதிக்குதே ஒங்க நெழலு, அதுதான் படத்தைக் கெடுத்துருச்சு, சாமி."