விமானத்துக்குக் கல்யாணப் பந்தல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வயிற்றெரிச்சலோடு எழுதும் பதிவு. நிதானமான பயணக் குறிப்பு வேண்டும் என்பவர்கள் என் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம். அங்கே கோயில்களும் அருவிகளும் பத்திரமாக இருக்கின்றன.

சென்ற வைகாசியில் என் மச்சினனுக்குக் கல்யாணம். என் மாமனார் (எங்களுக்கு மாமா) காரைக்குடியில் மரப்பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்காகக் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை இரண்டு நாளைக்குப் பேசியிருந்தார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடந்து, கல்யாணம் காட்சி என்றால் மட்டும் திறக்கிற வீடு. நானும் என் மனைவி கலாவும் மதுரையிலிருந்து காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினோம். மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரு டீ, ஏழேகாலுக்குக் கண்டனூர். பெட்ரோல் அறுநூற்றைம்பது ரூபாய்.

என் சகலை முரளி வந்த விதமே வேறு. கலாவின் தங்கை வனிதாவின் கணவன் அவன். கோவையில் ஒரு மில் முதலாளியின் குட்டி விமானத்துக்கு விமானி. இரண்டே சீட். "கல்யாணம்தானே, எடுத்துக்கிட்டுப் போயிட்டு வா" என்று முதலாளி சொல்லிவிட்டாராம்; வனிதா முன்பே பஸ்ஸில் வந்துவிட்டதால் தனியாகப் பறந்து வந்தான். (என் மேலதிகாரி அரை நாள் லீவுக்கே யாருடைய கல்யாணம், என்ன உறவு என்று விசாரித்தார்.) செட்டிநாட்டில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே இறங்க எந்தெந்த ஆபீஸில் அனுமதி வாங்கினான் என்பதை முரளி வந்தவர்களிடமெல்லாம் விளக்கினான். ஒவ்வொரு முறையும் நான்தான் பக்கத்தில் மாட்டினேன். விமானம் ஓட்ட ஆசைப்பட்டவன் நான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனும் நானேதான்.

இருந்தாலும் அவனிடம் நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் உண்டு. அன்று மாலை அவன் மதுரைக்குப் பறந்து, எங்கள் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் கோவை போவதாக ஏற்பாடு. "ஒரு சீட்டு காலியாத்தான் இருக்குண்ணே, நீங்க வாறீகளா?" என்று ஒரு வாரம் முன்பே போனில் கேட்டிருந்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. கலாவும் வனிதாவும் காரில் வருவார்கள், கலா நன்றாகவே ஓட்டுவாள் என்று எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது முரளியின் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"மேல மூடுற வெள்ளை உறைய கோயம்புத்தூர்லயே விட்டுட்டு வந்துட்டேண்ணே. கூரை முழுக்கக் கண்ணாடி மாதிரி. கத்திரி வெயில்ல சும்மா நின்னா உள்ள அடுப்பாயிரும். சாயங்காலம் ஸ்கிரீனெல்லாம் வேலை செய்யாது. அப்புறம் நாம கெளம்புனாப்லதான்."

அவன் ஒன்றை மறந்துவிட்டான் என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அடுத்த நொடியே என் சீட்டும் அதில்தான் இருக்கிறது என்று உறைத்தது. பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டேன்.

பரிமாறுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த மாமாவின் காதில் இது விழுந்தது. உடனே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "காஜா பாய்! சின்ன மாப்ளயோட ஏரோப்ளேன் வெயில்ல நிக்கிதாம். அங்குட்டுப் போயி ஒரு பந்தலப் போட்டு விட்டு வாங்க."

காஜா பாய் கல்யாணப் பந்தல்காரர். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "றெக்கை எத்தன அடி?"

"முப்பத்திரெண்டு," என்றான் முரளி.

"அம்புட்டுத்தான? நாப்பதுக்கு நாப்பது போட்ருவோம்."

பதின்மூன்று வருஷமாக நான் இந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. என் கார் காலையிலிருந்து தெருவில் வெந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு குடை பிடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சொன்னால் அற்பமாகத் தெரியும் என்று அன்று சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

முரளியை மாமா விருந்தாளிகளுக்குக் காட்டப் பிடித்து வைத்துக்கொண்டதால், விமானத்தைப் பார்த்துக்கொள்ள நானே முன்வந்து போனேன். கண்டனூரிலிருந்து ஓடுதளம் சுமார் இருபது கிலோமீட்டர். காரைக்குடி ஊருக்குள் நெரிசல், முக்கால் மணி நேரம் ஆகும். முன்னால் பாயின் ஆட்கள் குட்டி லாரியில், பின்னால் நான். வெட்டவெளி, கருவேலம், வெடித்த சிமென்ட் தளம். நடுவில் வெள்ளையாக அது நின்றது. அவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டாம்.

கதவைத் திறந்தபோது உள்ளே தொங்கிய வெப்பமானி ஐம்பத்தெட்டு டிகிரி காட்டியது. செய்ய வேண்டியதை முரளி போனில் சொன்னான். கூரை கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக், தூசி படிந்த துணி உரசினால் கீறல் விழுந்துவிடும். ஈரத்துணியைப் போடவே கூடாது. இரண்டு கதவையும் ஒரு சாண் திறந்து கயிற்றால் கட்ட வேண்டும். டேப்லெட்டையும் ஹெட்போனையும் வெளியே எடுத்து நிழலில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஒரு மணி நேரத்தில் பந்தல் எழுந்தது. காற்று வரப் பக்கங்களைத் திறந்து விட்டு, மேலே கீற்று, அதன் கீழே வெள்ளைத் துணி. பாய் கைவசம் இருந்த இரண்டு வாழை மரத்தையும் வாசலில் கட்டிவிட்டார். இரண்டரை மணிக்கு உள்ளே நாற்பது டிகிரிதான். அந்தக் கல்யாணத்திலேயே சொகுசாக இருந்தது அந்த விமானம்தான்.

அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றையும் தொடவில்லை. சீட்டு பெல்ட்டை மட்டும் போட்டு, இன்னும் இரண்டு மணி நேரம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரைக்கு முரளி, கலா, வனிதா, மாமா எல்லாரும் வந்தார்கள். முரளி பந்தலைச் சுற்றி வந்து நின்றான்.

"பாய், இது எப்படி வெளிய வரும்?"

விமானத்தின் மூக்கு வடக்கே பார்த்து நின்றது. பாய் வாசலைக் கிழக்கே விட்டு, மற்ற மூன்று பக்கமும் வரிசையாகக் கால் ஊன்றியிருந்தார். நானும் மூன்று மணி நேரம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், கவனிக்கவில்லை.

"கல்யாணப் பந்தல்னா வாசல் கெழக்கதான மாப்ள," என்றார் பாய். "ஏன், இது பக்கவாட்டுல வராதா?"

மாமாவும் அவர் பக்கம்தான். "வடக்க பாத்தா வாசல் வப்பாக?" என்று முரளியையே கேட்டார்.

கீற்றை இறக்கிக் கால்களைப் பிடுங்க இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். பந்தல் கூரை போனதும் மேற்கு வெயில் நேராக விமானத்துக்குள் இறங்கியது. கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த சரிகை வேட்டி பையோடு என் காரில் இருந்தது. எடுத்து உதறி, விமானத்தில் படாமல் மேலே தூக்கிப் பிடித்தேன். மறுமுனையை வனிதா வந்து பிடித்துக்கொண்டாள். கை இரண்டும் மரத்துப் போயின. என் சீட்டு வேகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம்.

பந்தல் அகன்றதும் முரளி தளத்தில் கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. உங்க வெயிட் என்ன?"

"எண்பத்தேழு."

அவன் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டான். பிறகு, "இந்த வெக்கையில காத்து லேசாயிரும்ணே, எஞ்சினுக்கும் இழுவை கொறஞ்சுரும். தளமும் பாதிதான் நல்லாருக்கு. உங்கள ஏத்த எனக்குத் தைரியம் இல்ல. லேசான ஆள்னா சரி" என்றான்.

"அக்கா போகட்டும்," என்றாள் வனிதா, யாரும் கேட்பதற்கு முன்பே.

"நானா?" என்றாள் கலா. கேட்டுக்கொண்டே கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஐம்பத்திரண்டு கிலோ. காரில் ஜன்னலைத் திறந்தாலே முடி கலைகிறது என்பவள், அதில் சிரித்துக்கொண்டே ஏறினாள். ஐந்தேகாலுக்கு விமானம் கருவேலங்காட்டுக்கு மேலே எழுந்தது. சகலையைப் பார்த்துப் பொறாமைப்பட வந்தவன், கட்டிய மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓடுதளத்தில் நிழலோ தண்ணீரோ கிடையாது, அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். வெயிலில் நிற்கும் குட்டி விமானத்துக்கு வெளிப்பக்கம் போடும் சுத்தமான வெள்ளை உறைதான் முதல் மருந்து. கதவை இறுக மூடாதீர்கள். பந்தல் போட்டால் மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வாசல் வையுங்கள், சாஸ்திரத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். யாராவது சீட்டு தருகிறேன் என்றால் எடையை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெரிய ஆளை ஏற்றுவதென்றால் வெயில் ஏறும் முன் காலையிலேயே கிளம்ப வேண்டுமாம். இதை முரளி எனக்குப் பிறகுதான் சொன்னான்.

திரும்பும்போது காரில் நானும் வனிதாவும் மட்டும். கொஞ்ச தூரம் போனதும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "உனக்கென்ன, நெனச்சப்பல்லாம் ஏறுவ. அதான் விட்டுக் குடுத்திட்ட."

"நா ஒரு தடவகூட ஏறுனதில்ல அத்தான். எனக்குப் பயம்." வனிதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இப்படிக் கார்லதான் போகணும். நின்னு நின்னு, எறங்கி எறங்கி. இவுக எங்க போனாலும் மேலயே போயிருவாக. நீங்களும் அக்காவும் சுத்துறத உங்க ப்ளாக்ல படிச்சுப் படிச்சு எனக்கு வயிறு எரியும். ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன்."

என் மீதும் ஒருத்தர் பொறாமைப்படுகிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"பிள்ளையார்பட்டியில எறங்கிட்டுப் போவமா?" என்றாள். "அத எம் பேரப் போட்டு எழுதணும்."

எழுதிவிட்டேன், வனிதா. ஆறு மணிக்குப் போனோம், கூட்டம் இல்லை, கார் நிறுத்த முப்பது ரூபாய். தரிசனம் முடிந்து வெளியே குளக்கரையில் உட்கார்ந்து மோதகம் தின்றுகொண்டிருந்தபோது கலாவிடமிருந்து போன் வந்தது.

"நாங்க வந்து எறங்கியாச்சுங்க. என்னா ஜோரா இருந்துச்சு தெரியுமா! உள்ள வெக்கையே இல்ல. நீங்க எங்க இருக்கீக?"

"பிள்ளையார்பட்டியில. நானும் வனிதாவும். மோதகம் சாப்புட்டுக்கிட்டு இருக்கோம்."

"என்னைய விட்டுட்டா?" என்றாள் கலா.

வனிதாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.