பிள்ளையார் ஒட்டாத பொனற்

2005 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. ஜெர்மனியின் டோட்முண்ட் நகரின் விளிம்பில் வாடகைக்கு எடுத்த கராஜ் ஒன்றில், பஸ் ஓட்டும் நண்பர் ஒருவர் தமது பழைய அமெரிக்கக் காரில் ஓட்டை போட ஆயத்தமாக நின்றார். கையில் துளைகருவி. காலடியில் ஒரு ஹீற்றரும் பெட்டி பிரிக்காத றேடியோவும். என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை அண்ணை என்பேன். அந்த ஓட்டையைத் தடுக்கத்தான் நான் காலைத் தேநீரைக்கூட முடிக்காமல் ட்ராம் ஏறி வந்திருந்தேன்.

கார் 1963ஆம் ஆண்டு மொடல். அமெரிக்காவில் அடுத்த ஆண்டுக்கான கார்கள் முந்திய இலையுதிர்காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே இது 1962இலேயே செய்யப்பட்டிருக்கக்கூடும் என்று முன்பொருமுறை சொன்னபோது அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப இதுக்கும் எங்களை மாதிரி ரண்டு பிறந்தநாள். பாஸ்போட்டில ஒண்டு, அம்மா சொன்னது ஒண்டு.”

ஒல்லாந்தில் ஒரு முதியவரின் கொட்டிலில் இருந்து அதை வாங்கியிருந்தார். மோட்டார் யானை பலம். உள்ளேயோ ஒன்றும் இல்லை. றேடியோ இல்லை, ஹீற்றர் இல்லை, சத்தத்தை அடக்கக் கதவுக்குள் ஒட்டும் தார்த்தாளும் இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ எல்லாவற்றையும் கழற்றி விற்றுவிட்டார்கள் என்பது அண்ணையின் முடிவு.

என் எண்ணம் வேறு. அறுபதுகளின் தொடக்கத்தில், நேர்ப்பாதையில் கால் மைல் ஓட்டப் பந்தயம் அங்கே பெரும் மோகமாக இருந்தது. அதற்கென்று சில தொழிற்சாலைகள், கேட்பவர்களுக்கு மட்டும், பாரம் குறைத்த கார்களைச் செய்து கொடுத்தன. மிகப் பெரிய மோட்டாரை வைத்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவார்கள். முன்பக்கத் தகடுகள் இரும்புக்குப் பதிலாக அலுமினியத்தில் வரும். அப்படிச் செய்தவை கொஞ்சம்; பந்தயத்தில் நொறுங்காமல் மிஞ்சியவை அதிலும் கொஞ்சம். அண்ணையின் கார் அவற்றில் ஒன்றாக இருந்தால், அதில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் திரும்ப அடைக்க முடியாத ஓட்டை.

“கழட்டியிருந்தால் ஓட்டை இருக்கும் அண்ணை. இதில ஓட்டைக்குப் பதிலா மூடின தகடெல்லோ இருக்கு. வரேக்கையே இப்பிடித்தான் வந்திருக்கு.”

“குறையச் சாமான் போட்டிட்டுக் கூடக் காசு வாங்குவாங்களோ? அதையும் சனம் வரிசையில நிண்டு வாங்குமோ? உமக்கு வாசிச்சு வாசிச்சு மண்டை கழண்டு போச்சு.”

அப்போது அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தேநீர்ப் போத்தலோடும் ஒரு தட்டோடும் வந்தார். தட்டில் சந்தனம், குங்குமம், தேசிக்காய், பெருவிரல் அளவில் ஒரு காந்தப் பிள்ளையார். ஹீற்றர் கேட்டவர் அக்காதான். இந்தக் காரில் ஊன்ட்றொப் என்ற ஊரின் அம்மன் கோயில் தேருக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. ஜூன் மாதத்து ஜெர்மன் மழையை அவர் நம்புவதில்லை.

“வெறும் தகரப் பெட்டிக்க குளிருக்க இருக்க என்னால ஏலாது. ஆனா பிள்ளையாரை வைக்காமல் ஒரு வேலையும் தொடங்கவேண்டாம், சொல்லிப்போட்டன்.”

சந்தனம் வைத்தார். பிள்ளையாரை மோட்டாரின் மூடியான பொனற்றின் நடுவில் பதித்தார். பிள்ளையார் மெதுவாக வழுக்கி நிலத்தில் விழுந்தார். துடைத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தார். பக்கத்தில், சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டிலும் அதே கதை.

“இஞ்சேரப்பா, பிள்ளையாருக்கு விருப்பமில்லைப்போல கிடக்கு.”

அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. பழைய கார் வாங்கிச் சூடுபட்டவர்களுக்கு அந்தச் சோதனை தெரியும். காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே இரும்பு இல்லை; துருப்பிடித்துக் கரைந்த இடத்தில் புட்டி என்ற நிரப்புப் பசையை அப்பி மெழுகி, மேலே பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

“புட்டி! முழுக்கப் புட்டி! கிழவன் என்னை நல்லாச் சுத்திப்போட்டான்.” துளைகருவியை வைத்துவிட்டு ரயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் உறைத்தது: அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால் இத்தனை அகலத்துக்குப் புட்டி என்றால் பொனற் கல்லாகக் கனக்க வேண்டும்.

“அண்ணை, எழும்புங்கோ. பொனற்றைக் கழட்டுவம்.”

“என்னத்துக்கு? செத்ததெண்டு காடாத்தவோ?”

முனகிக்கொண்டே வந்தார். நட்டுகளைக் கழற்றினோம். ஆளுக்கொரு பக்கம் நின்று, காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, “ஒண்டு, ரண்டு” என்று முழுப் பலத்தோடும் தூக்கினோம். பொனற் எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது. அண்ணை பின்னால் தள்ளாடிச் சுவரில் சாய்ந்தார். பாரமே இல்லை.

“விடுங்கோ பாப்பம்,” என்று அக்கா நடுவில் புகுந்து அதைத் தனியே இரண்டு கையாலும் ஏந்தினார். “இதென்ன, என்ர இட்டலிப் பானை இதைவிடப் பாரம்!”

உட்புற விளிம்பில் பெயின்ற் உரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக மினுங்கியது. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. அண்ணை குனிந்து பார்த்தார், தானும் சுரண்டினார், பிறகு என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். நான் அலுமினியம் இல்லை, அவரால் முடியவில்லை.

“அப்ப ஒண்டும் களவு போகேல்லை. இல்லாததுதான் இதின்ர பவிசு!”

“அதெல்லாம் சரி,” என்றார் அக்கா, பொனற்றை இன்னும் கையில் வைத்துக்கொண்டு. “என்ர ஹீற்றர்?”

அவர் எங்கள் முகங்களையும் துளைகருவியையும் மாறிமாறிப் பார்த்தார். “சரி, சரி. ஆளைக் கொல்லுற மாதிரிப் பாக்காதேங்கோ. நான் கம்பளிக் கோட்டு போடுறன்.”

தேரன்று மழை கொட்டியது. நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டோம். பட்டுச் சேலைக்கு மேல் குளிர்காலக் கோட்டுடன் அக்கா முன்னிருக்கையில், நான் பின்னால். றேடியோ இருக்கவேண்டிய இடத்தை மூடிய தகடு நல்ல இரும்பு. பிள்ளையார் அதில் கச்சிதமாக ஒட்டியிருந்தார். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியதும் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. கார் முழுவதும் அதிர்ந்தது.

அக்கா கணவரின் தோளைத் தட்டினார். நிறுத்தச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினார்:

“இஞ்சேரப்பா, இன்னும் கொஞ்சம் மிதியுங்கோவன்!”