கோழிக்கென்று ஒதுக்கிய அரிசி

எங்கள் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்முட்டி இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அதற்குள் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முட்டி கோயிலுக்குப் போகும். எல்லா வீட்டுப் பிடியரிசியும் அங்கே ஒரு பெட்டகத்தில் சேரும். ஆராதனை முடிந்ததும் இல்லாதவர்களுக்கு அதிலிருந்து அளந்து கொடுப்பார்கள். பண்டத்தரிப்பில் வேதக்காரர் என்று சொல்கிற கிறிஸ்தவர்களில் எனக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் இந்த வழக்கம் இருந்தது.

நான் புத்தூரில் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு வேதக்கார வாத்தியாரைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தேன். இந்த வயதில் மறைத்து என்ன? தலை நனைந்தது, மனம் நனையவில்லை. எல்லாரும் செபிக்கும்போது நானும் கண்ணை மூடிக்கொண்டு, மத்தியானக் கறிக்கு என்ன வெட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

சண்டைக் காலம் வந்தது. அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது, அதுவும் கிடைத்தால் உண்டு. எங்களுக்கே காணாத நேரத்தில் ஊருக்கு என்ன பிடி என்று எனக்குப் பத்திக்கொண்டு வரும். மாமியிடம் அதைச் சொல்ல முடியாது. அவவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. அடுப்படி என் கைக்கு வந்துவிட்டாலும், காது மட்டும் முட்டிப் பக்கமே இருக்கும்.

அந்த மார்கழியில் என்னைப் பெற்ற ஐயா புத்தூரிலிருந்து வண்டியில் ஒரு மூட்டை சிவப்பரிசி அனுப்பினார். வழியில் மழை. மூட்டையின் அடிப்பக்கம் நனைந்து, கட்டிபட்டு, கறுத்த புள்ளி விழுந்து பூஞ்சணம் மணத்தது. கோழிக்கு ஆகுமென்று அதைத் தனியாக ஒரு தகரத்தில் போட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்து, பிடி போடப் போன என் கை பானைக்குப் போகாமல் தகரத்துக்குப் போனது. கை தானாகப் போனது என்று சொல்லமாட்டேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

“பிடி போட்டனியே பிள்ளை?” என்று மாமி கேட்பா.

“ஓம் மாமி.”

பொய் இல்லையே என்று எனக்கு நானே கெட்டித்தனம் பேசிக்கொள்வேன். இப்படி இரண்டு மாதம் போனது.

பிறகு என் மகளுக்குக் குடலைப் புண்ணாக்கும் நெருப்புக் காய்ச்சல் வந்தது. நாலு வயது. மூன்று கிழமையில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். காய்ச்சல் விட்ட பிறகு, மருந்து தருகிற ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்து, அரிசிக் கஞ்சி மட்டும் கொடுங்கோ, வேறு எதுவும் குடலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் ஒரு மணி நல்லரிசி இல்லை. ஐயாவின் மூட்டை எப்போதோ முடிந்துவிட்டது. கூப்பன் கடையில் கோதம்பைமாதான் இருந்தது. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிள்ளை அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தாள்.

அன்று பின்னேரம் கோயிலடியில் இருக்கும் அக்கா வந்தா. புருஷன் இல்லாதவ, பாய் இழைத்துச் சீவிக்கிறவ. பிடியரிசி வாங்குகிறவர்களில் ஒருத்தி. அதுவரை நான் அவவோடு நின்று நாலு வார்த்தை கதைத்ததில்லை. கையில் ஒரு பனையோலைப் பெட்டி.

“தங்கச்சி, பிள்ளைக்குக் கஞ்சி வைக்க அரிசி இல்லையெண்டு கேள்விப்பட்டன். இது கோயிலிலை தந்த அரிசிதான். நானும் உலை வைக்கேக்கை ஒரு பிடி எடுத்து வைக்கிறனான். ரண்டு தரம் கழுவிக் காயவைச்சு, பழுதெல்லாம் பொறுக்கி எறிஞ்சிட்டன். பயப்பிடாமல் குடுங்கோ.”

பெட்டியைத் திறந்தேன். சிவப்பரிசி. ஒரு புள்ளி இல்லை, ஒரு கல் இல்லை. ஆனாலும் அந்த மணம் இலேசாக இருந்தது.

நான் அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றதை அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டா. “ஆரோ பாவம், வீட்டிலை இதைவிட நல்லது இல்லாமல்தானே போட்டிருப்பினம்” என்றா.

இதையா என் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. இரண்டு மாதமாக இன்னொருத்திக்கு அதைச் சாப்பிடக் கொடுத்தவளுக்கு ஒரு நாளும் அந்தக் கேள்வி வரவில்லை. சீ, என்ன பிறவி நான்!

கஞ்சி வைத்தேன். மகள் குடித்துவிட்டு இன்னும் வேணும் என்று கேட்டாள். அரிசி தந்த கையை ஆசீர்வதியும் என்று மாமி செபித்தா. அன்றுதான் நான் கண்ணை மூடி உண்மையாகவே செபித்தேன். மன்னியும் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அடுத்த கிழமை கூப்பன் கடைக்கு அரிசி வந்ததும், அந்தப் பெட்டி நிறைய நல்லரிசி போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். சொல்லாமல் திரும்பினேன். அரிசியைக் கொடுத்தாயிற்று, இனி நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அதே பெட்டியோடு கோயிலுக்கு வந்தா. என் பிள்ளை சுகமானதற்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி, ஒரு மணி மிச்சமில்லாமல் பெட்டகத்தின் ஒரு பக்கமாகக் கொட்டினா. பிறகு மற்றவர்களோடு போய் வரிசையில் நின்றா. அவவின் முறை வந்தபோது, மறுபக்கத்தில் கிடந்த பழைய அரிசியைத்தான் அள்ளினார்கள். புள்ளி விழுந்த சிவப்பரிசி. அக்கா சீலைத் தலைப்பை விரித்து அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தா.

நான் நாலடி தள்ளி நின்றேன்.

எப்படி விசுவாசத்துக்கு வந்தாய் என்று கேட்கிறவர்களுக்கு அக்காவின் பெட்டியைப் பற்றித்தான் சொல்லுவேன். கேட்டுக் கண் கலங்குவார்கள். அந்த அரிசி யார் வீட்டு அரிசி என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, அக்கா சாகும்வரை அவவுக்கும் சொல்லவில்லை.