கிளவுஸைக் கேட்டு வாங்கியவன்

விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால்தான் எனக்குக் கல்லூரி. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கோவையில் நடந்த அந்தக் கால்பந்துத் தேர்வுக்குப் பயந்துகொண்டேதான் போனேன்.

"எந்தப் பொசிஷன்?" என்றார் பயிற்சியாளர்.

"எங்க வேணும்னாலும் ஆடுவேனுங்க சார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பள்ளி அணிக்கு ஆள் பத்தாது. யார் வரவில்லையோ, அவர் இடத்தில் நான் நிற்பேன். அந்தப் பழக்கத்தில், தேர்வு ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பருக்குக் கால் பிசகியதும் யாரும் சொல்லாமலே கிளவுஸை மாட்டிக்கொண்டேன். அதன்பின் பந்து என் பக்கம் வரவே இல்லை. பயிற்சியாளரும் என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் ஃபார்வர்டு ஆடிய பெருந்துறைப் பையன் ஓடி வந்தான். அவனும் சீட்டுக்காக வந்தவன்தான்.

"ஏனுங்க, வாட்ச்மேன் வேலைக்கா வந்தீங்க? கிளவுஸைக் குடுங்க, நான் நிக்கறேன்."

"கோல்ல நின்னு பழக்கமுங்களா?"

"இல்லீங்க. நான் ஒரு கோல் அடிச்சுப்போட்டேன், சார் பாத்துட்டாரு. உங்களை இன்னும் பாக்கலையே. போங்க!"

முன்னால் ஓடினேன், பின்னால் இறங்கித் தடுத்தேன், கடைசியில் ஒரு கோலும் அடித்தேன். அதற்குள் அவன் இரண்டு கோல் விட்டிருந்தான்.

"எங்க வேணும்னாலும் ஆடுவேன்னியே, அப்படியே ஆடு" என்று பயிற்சியாளர் என்னை எடுத்தார். அவன் பெயரையும் வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது ஒரே அணியில் ஆடுகிறோம். காலி இடத்தைக் கண்டால் இன்றும் ஓடுகிறேன். ஆனால், அப்படி ஓடிப்போய் மாட்டிக்கொண்டு நிற்பவர் யாராவது இருக்கிறாரா என்றும் பார்க்கிறேன்.