பூங்கொடி போட்ட பெருக்கல் குறி

மரியாவுக்கு வந்த கடிதத்தைப் பூங்கொடி இரண்டு முறை படிப்பார். உதடுகள் அசையும். பிறகு பேனாவின் பின்பக்கத்தால் மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ‘தவறு’ என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போடுவார். ஜெர்மன் பயிற்சிப் புத்தகத்தில் வரும் கடிதம் அது. சனிக்கிழமை என் பிறந்த நாள், அவசியம் வா, வரும்போது ஒரு கேக் கொண்டு வா என்று தோழி எழுதியிருக்கிறாள். அதன் கீழே, ‘மரியா கேக் கொண்டு போக வேண்டும்’ என்று ஒரு வாக்கியம். சரியா தவறா என்று குறிக்க வேண்டும்.

“தப்பு” என்றார் பூங்கொடி. “பொறந்த நாளு யாருக்கு? கூப்புட்டவளுக்கு. கேக்கு அவதான வாங்கணும். வர்றவளையே வாங்கினு வான்றது இன்னா பழக்கம்?”

“லெட்டர்ல அப்படித்தானே எழுதியிருக்கு, அக்கா” என்றார் ஆசிரியர் பிரவின்குமார்.

“எழுதிகீது. எழுதிட்டா சரியாய்டுமா?”

செங்கல்பட்டில், ஒரு மொபைல் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பு இது. ஜெர்மன் மொழியின் முதல் நிலைத் தேர்வுக்குப் பதினொரு பேர் படிக்கிறோம். அதில் எட்டுப் பேர் நர்சுகள். பூங்கொடிக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. நான் எதற்குப் படிக்கிறேன் என்பது இங்கே முக்கியமில்லை.

பூங்கொடிக்கு வயது முப்பத்தாறு. ஊர் கருங்குழி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகத் தரம் பார்க்கிறார். மேசைக்கு வரும் ஒவ்வொரு கட்டையும் புரட்டிப் பார்த்து, தேறினால் பச்சை ஸ்டிக்கர், தேறாவிட்டால் சிவப்பு. சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் சிவப்பு பச்சையாகாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

கணவர் ரஞ்சித்குமார் ஜெர்மனியில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். போய் மூன்று வருடமாகிறது. மனைவி போய்ச் சேர வேண்டுமானால் இந்தத் தேர்வில் தேற வேண்டும். போன வருடம் அவர் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். புண் ஆறிய பிறகுதான் வீட்டுக்குச் சொன்னார்.

“தனியா கெடந்துகிறாரு சார்” என்றார் பூங்கொடி என்னிடம். “ஒரு கையால சோத்த அள்ளித் தின்னுகினு. பக்கத்துல ஒரு ஆளு வேணாமா?” கை வெந்த செய்தி வந்த அடுத்த ஞாயிறே வகுப்பில் சேர்ந்தாராம்.

இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றார். நூற்றுக்கு அறுபது வேண்டும். முதலில் ஐம்பத்தாறு, அடுத்து ஐம்பத்தெட்டு. பேசுவது, எழுதுவது, கேட்பது எதிலும் குறையில்லை. காலை வாரியது வாசிப்புப் பகுதி. பதினைந்து கேள்விகளில் முதல் முறை நான்குதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே ஏழு வந்திருக்கும் என்று பிரவின்குமார் கணக்குப் போட்டுக் காட்டினார். பூங்கொடிக்கு ஜெர்மன் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் சிக்கல்.

வேலைக்குப் போகும் ஒருவர் மாலையில் நடனம் கற்க விரும்புகிறார், அவருக்கு எந்தப் பள்ளி பொருந்தும் என்ற கேள்விக்குக் காலை நேரப் பள்ளியைக் குறித்தார். “நாளெல்லாம் வேல செஞ்சிட்டு வந்து எவன் ஆடுவான்? காலு வீங்கிடும்.” டாக்டர் இரண்டு வாரம் விடுமுறை என்ற அறிவிப்பின் கீழே ‘டாக்டர் இன்று இல்லை’ என்று இருந்தது. அதற்கும் ‘தவறு’ என்றே குறித்தார். நோயாளிகளை விட்டுவிட்டு இரண்டு வாரம் போவது தவறுதானே.

மூன்றாவது தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது பிரவின்குமார் புத்தகத்தை மூடி வைத்தார்.

“அக்கா, கம்பெனில எத வச்சு பாஸ் போடுறீங்க?”

“ட்ராயிங்க வச்சுதான்.”

“ட்ராயிங்கே தப்பா இருந்தா?”

“அது போட்டவன் தலவலி. ட்ராயிங்ல இருக்கற மாதிரி பொருளு கீதான்னு பாக்கறதுதான் என் வேல.”

“இதுவும் அதான்க்கா. லெட்டர்தான் ட்ராயிங்.”

பூங்கொடி மூடிய புத்தகத்தைத் திறந்து மரியாவின் கடிதத்தை மறுபடியும் படித்தார். நர்சுகள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். பிறகு, “இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு தபா பீஸு மிச்சம்” என்றார். அன்று மாதிரித் தாளில் பதினைந்தும் சரி. முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ஷிப்ட் முடித்த களைப்புதான் இருந்தது.

சென்னையில் தேர்வு. நாங்கள் இருவரும் ஒரே நாள் எழுதினோம். மாதக் கடைசியில், வகுப்பு நாளன்று முடிவு வந்தது. பூங்கொடிக்கு எண்பத்து மூன்று. வாசிப்பில் பதினைந்துக்குப் பதினான்கு. அன்று மாலையே ரஞ்சித்குமார் வீடியோவில் வந்து, தழும்பேறிய கையை ஆட்டினார். நர்சுகளும் ஆட்டினார்கள்.

“அந்த ஒண்ணு எதுலக்கா போச்சு?” என்று கேட்டார் பிரவின்குமார்.

“அது எனக்குத் தெரியும். வுடு தம்பி.”

எனக்கும் தெரியும். தேர்வு முடிந்து மின்சார ரயிலில் திரும்பும்போது என்னிடம் சொல்லியிருந்தார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்பு அது. மதியம் ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகள் முற்றத்தில் விளையாடக் கூடாது. ‘இரண்டு மணிக்குப் பிள்ளைகள் இங்கே விளையாடலாம்’ என்பது கீழே இருந்த வாக்கியம். அறிவிப்பின்படி அது தவறு. அவரும் தவறு என்றுதான் முதலில் குறித்திருந்தார்.

தேர்வறையில் நான் பார்த்தது இதுதான். மூன்று நிமிடம் மீதி இருந்தது. பூங்கொடி முடித்துவிட்டு, விடைத்தாளை மேலிருந்து கீழாக விரல் வைத்துச் சரிபார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூடிய பேனாவை மறுபடியும் திறந்தார். குறி போட்டிருந்த ஒரு கட்டத்தை மை ஊற அடித்து நிரப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த ‘சரி’ கட்டத்தில் ஒரு பெருக்கல் குறியை நிதானமாக, இரண்டு கோடும் சமமாக வரும்படி போட்டார்.